வெள்ளைக் குதிரைக்குக் கறுப்புக் குட்டி: அஞ்சு வயசுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்றது?

யாழினி அம்மா:
போட்டோ புத்தகத்துல ஒரு வெள்ளைக் குதிரைகிட்ட கறுப்புக் குட்டி பால் குடிக்குது. "அது வேற அம்மாவோட குட்டி, வழி தவறி வந்துடுச்சு"ன்னு மகள் ஒரே அழுகை. தேடினா மரபணு, அது இதுன்னு வருது. அவளுக்குப் புரியுற மாதிரி யாராவது சொல்லுங்களேன்.

லாயக்காரன்:
அது சொந்த அம்மாதான்னு முதல்ல சொல்லிடுங்கம்மா. பல வருஷம் குதிரை லாயத்துல இருந்தவன் நான். வர்ற பிள்ளைங்ககிட்ட "மூக்கைப் பாரு"ன்னுதான் சொல்வேன். வெள்ளையா தெரியுற குதிரைக்கு மூக்கும் கண்ணோரமும் பெரும்பாலும் கரும்சாம்பலா இருக்கும். குளிப்பாட்டினா முடி நனைஞ்சு, உடம்பு பூரா அந்தக் கருந்தோல் தெரியும். அதுவும் குட்டியில கறுப்பாவோ செவலையாவோ இருந்ததுதான். தாத்தா தலை மாதிரி முடி நரைச்சிருக்கு, அவ்வளவுதான். லிப்பிசானர் குதிரைங்க பெரும்பாலும் 6 வயசுலேர்ந்து 10 வயசுக்குள்ள வெளுத்துடும். நடுவுல கொஞ்ச காலம் உடம்பெல்லாம் வட்ட வட்டமா சாம்பல் பூத்திருக்கும். எனக்கு அந்தப் பருவம்தான் ரொம்பப் பிடிக்கும்.

மத்த நிறத்துக்கு ரெண்டு சாயம்தான்: கறுப்பு, சிவப்பு. முழுக்கச் சிவப்புன்னா செவலை. உடம்பு செம்பழுப்பா இருந்து பிடரி, வால், கால் மட்டும் கறுப்பா இருந்தா 'பே'. "கறுப்பு சாக்ஸ் போட்ட குதிரை"ன்னா பிள்ளைங்க மறக்காது. செவலையில பால் ஊத்தி வெளுத்த மாதிரி பொன்னிறமா, பிடரி வெள்ளையா இருந்தா பலோமினோ.

கவின் அப்பா:
அண்ணா, திட்டுத் திட்டா இருக்கிற குதிரையைப் பார்த்து என் பையன் மாடுங்கிறான். அதுவும் நரையா?

லாயக்காரன்:
இல்ல தம்பி, அது பிறவித் திட்டு. வெள்ளைத் திட்டுல முடியை ஒதுக்கிப் பார்த்தா தோல் இளஞ்சிவப்பா இருக்கும். நெத்திச் சுட்டியும் அப்படித்தான், கூடவே பிறக்கும். அப்பலூசாங்கிற குதிரை இனத்துக்குப் புள்ளி. அதுக்குக் குளம்புல மேலிருந்து கீழா கோடு ஓடும், பையனுக்கு அதைக் காட்டுங்க. பிரான்ஸ்ல பெஷ் மெர்ல் குகைச் சுவத்துல சுமார் 25,000 வருஷத்துக்கு முன்னாடியே புள்ளிக் குதிரை வரைஞ்சு வெச்சிருக்காங்க.

யாழினி அம்மா:
மூக்கு கறுப்பேதான் அண்ணா! அழுகை நின்னுடுச்சு. இப்ப, "குட்டியும் வெள்ளையாயிடுமா?"ன்னு கேக்கிறா.

லாயக்காரன்:
எல்லாக் குட்டியும் ஆகாதும்மா. அப்பா குதிரையைப் பொறுத்தும் இருக்கு. குட்டியோட கண்ணைச் சுத்தி நரைமுடி தெரியுதான்னு பார்க்கச் சொல்லுங்க. நரைக்கப்போற குட்டிக்கு அங்கதான் பெரும்பாலும் முதல்ல தெரியும்.