அல்ட்ரா பிராசஸ்டு உணவு: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வேலை முடிந்துவிட்டது, ஒரே ஒரு சொல்லில் மட்டும் வண்டி நின்றுவிட்டது: அல்ட்ரா பிராசஸ்டு உணவு, அதாவது பொட்டலத்தில் வரும் பிஸ்கட் போன்ற ஆலைப் பண்டங்கள். நாளிதழ்களைப் பின்பற்றி ‘அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவு’ என்று போட்டிருந்தேன். சென்ற வாரம் எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் சிலருக்கு அதை வாசித்துக் காட்டினேன். ஒரு அம்மாள் கையைத் தூக்கினார். மிளகாயைக் கீறி, உப்பு மோரில் ஊறப்போட்டு, பகலெல்லாம் வெயிலில் காயவைத்து, இரவில் மறுபடி மோரில் போட்டு, ஒரு வாரம் மெனக்கெட்டு மோர்மிளகாய் போடுகிறேனே, இதைவிட அதிகமாக எதைப் பதப்படுத்த முடியும், இதை நிறுத்திவிட வேண்டுமா என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர், நல்லவேளை, நான் பிஸ்கட்டும் பாலும்தான் சாப்பிடுகிறேன் என்றார்.

கையேடு சொல்லவந்ததற்கு நேர் எதிரான பாடத்தை அந்த ஒரு சொல் நடத்திவிட்டது. வேறு சொல் வேண்டும். அடுத்த வியாழன் அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
சு.

———

சு. அவர்களுக்கு,

‘மீப்பதன உணவு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். மீயொலி, மீக்கடத்தி என்று ‘மீ’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இன்னொரு வசதியும் உண்டு. இந்தச் சொல் தனியாக வரவில்லை. பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மோன்டேரோவும் அவர் குழுவினரும் உருவாக்கிய ‘நோவா’ வகைப்பாட்டில் அது நான்காவது வகை. (நோவா என்பது எழுத்துச் சுருக்கம் அல்ல, போர்ச்சுக்கீசிய மொழியில் ‘புதியது’ என்று பொருள். சுருக்கம் என்று நினைத்து விரிவு தேடி நானே ஒரு மாலையை வீணாக்கியிருக்கிறேன்.) பதனிடாத உணவு, சமையல் சேர்பொருள், பதன உணவு, மீப்பதன உணவு. நான்கும் ஒரே சரத்தில் வருகின்றன. மாணவர்களுக்கு எளிது. மோர்மிளகாய் மூன்றாவதில் அடங்கிவிடும்.

இரா.

———

இருவருக்கும் வணக்கம்.

நான் மொழியறிஞன் அல்லன். ரொட்டி, பிஸ்கட் ஆலைகளில் 22 ஆண்டு வேலை பார்த்தவன். எனவே இலக்கணத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்; சரக்கில் பிழை இருக்காது.

> நான்கும் ஒரே சரத்தில் வருகின்றன.

சரம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்காவது மணி அந்தச் சரத்தைச் சேர்ந்ததே அல்ல. மூன்றாவதை இன்னும் கொஞ்சம் அழுத்திச் செய்தால் நான்காவது வந்துவிடும் என்ற எண்ணத்தை ‘மீ’ தருகிறது. அப்படி வராது. மோர்மிளகாயை நூறு நாள் காயவைத்தாலும் அது மிளகாய்தான்.

முதலில் ‘பதம்’ என்ற சொல்லைப் பாருங்கள். பாகு கம்பிப் பதத்துக்கு வந்ததா என்று கேட்கிறோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பதம் என்றால் ஒரு புள்ளி. அதற்கு முன்னால் வேகவில்லை, பின்னால் குழைந்துபோயிற்று. பனையில் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்களே, கள்ளாகப் புளிக்காமல் தடுக்க, அந்தச் சாறுக்குத் தமிழன் வைத்த பெயரே பதநீர். பதம் நம் காதில் நல்ல சொல். அதன் முன்னால் ‘அதி’ போட்டாலும் ‘மீ’ போட்டாலும், அந்த அம்மாளுக்குக் கேட்டதுபோல, கூடுதல் பக்குவம் என்றுதான் கேட்கும்.

இப்போது ஆலைக்குள் வாருங்கள். மக்காச்சோளத்தைக் கந்தக டை ஆக்சைடு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஏறத்தாழ 2 நாள் ஊறவைப்பார்கள். பிறகு அரைத்து, முளையைத் தனியே எடுத்து எண்ணெய் பிழிவார்கள். நாரைச் சலித்து ஒதுக்குவார்கள். புரதத்தையும் மாவுச்சத்தையும் சுழற்றிப் பிரிப்பார்கள். அந்த மாவுச்சத்தை நொதி சேர்த்து உடைத்தால் குளுக்கோஸ் பாகு, பாதியில் நிறுத்தினால் மால்ட்டோடெக்ஸ்ட்ரின், இன்னொரு நொதியைச் சேர்த்தால் ஃபிரக்டோஸ் மிகுந்த பாகு. சோளம் என்ற ஒன்று அங்கே இப்போது இல்லை. நான்கைந்து தொட்டிகளில் வெள்ளைப் பொடிகளும் பாகுகளும் இருக்கின்றன. ஒரு தொழிற்சாலை அந்தத் தொட்டிகளிலிருந்து வேண்டியதை எடுத்து, பாமாயிலும், எண்ணெயும் நீரும் பிரியாமல் கலக்கவைக்கும் பால்மமாக்கியும், நிறமும் மணமும் சேர்த்து, சோளம் போலவே மணக்கும் ஒரு பண்டத்தைச் செய்கிறது. பிரிப்பது, மறுபடி கூட்டுவது, இந்த இரண்டும்தான் நான்காவது வகையின் அடையாளம்.

இயந்திரத்தைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. பொரித்த சோளக் குச்சிகளைத் தள்ளும் இயந்திரத்தைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். வெப்பமும் அழுத்தமும் கூடுதல் என்பதைத் தவிர, அது ஒரு பெரிய முறுக்கு உரல். இடியாப்பமும் பிழிந்ததுதான். உரலுக்குள் என்ன போகிறது என்பதே கேள்வி.

ரொட்டிதான் எனக்கு மிக நெருக்கமான உதாரணம். இங்கிலாந்தில் சார்லிவுட் என்ற ஊரிலிருந்த ரொட்டி ஆய்வுக்கூடம் 1961-இல் ஒரு முறையைக் கொண்டுவந்தது. மணிக்கணக்காகப் புளிக்கவிட்டு மாவுக்கு இழுவை வரக் காத்திருப்பதற்குப் பதிலாக, மூன்றே நிமிடம் வெறிகொண்ட வேகத்தில் பிசைந்துவிடுவது. ஈஸ்ட் கூடுதல், கெட்டிக் கொழுப்பு கொஞ்சம், அஸ்கார்பிக் அமிலம் கொஞ்சம். புரதம் குறைந்த உள்நாட்டுக் கோதுமையே போதும், கனடாவிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. பிரிட்டனின் ரொட்டியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இன்று இப்படித்தான் வருகிறது. நான் அந்த மாவைத் தொட்டுப் பார்த்தவன். பட்டுப்போல இருக்கும், புளிப்பு வாசனை துளியும் இராது. மணிக்கணக்கான புளிப்பில் வரவேண்டிய சுவை எங்கே போயிற்று என்று கேட்டால், வராது, அதற்குத்தான் பொட்டலத்தின் பின்பக்கச் சேர்பொருள் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. நேரத்தைச் சேமித்து, அந்த இடத்தைச் சேர்பொருளால் நிரப்புகிறார்கள். தரம் குறைவது பெரும்பாலும் அழுகலாலோ கலப்படத்தாலோ அல்ல, இந்தக் கொடுக்கல் வாங்கலால்தான்.

இன்னொன்று. ‘அல்ட்ரா’ என்றாலே மிகை என்று மொழிபெயர்ப்பது நம் வழக்கமும் அல்ல. அல்ட்ரா வயலட்டை ‘மிகை ஊதா’ என்றா சொன்னோம்? ஊதாவுக்கு அப்பால் இருப்பது என்று புரிந்துகொண்டு ‘புறஊதா’ என்றோம். அதே தெளிவு இங்கேயும் வேண்டும்.

என் முன்மொழிவு: ‘புனையுணவு’. புனைதல் என்றால் பலவற்றைச் சேர்த்து ஒன்றை ஆக்குவது. வினைத்தொகை, சொல்லவும் எளிது. முதலில் ‘கூட்டுணவு’ என்றுதான் நினைத்தேன். கூட்டு என்றால் பூசணிக்காய்க் கூட்டுதான் என்று வீட்டில் சிரித்துவிட்டார்கள்.

ந.

———

> என் முன்மொழிவு: ‘புனையுணவு’.

ஐயா, விளக்கம் அருமை. மோர்மிளகாய் அம்மாளுக்கும் இது புரியும். ஆனால் எனக்கு ஒரு உறுத்தல். புனைகதை, புனைந்துரை, புனைபெயர் என்று பழகிய காதுக்கு ‘புனை’ என்றால் பொய் என்று கேட்கிறது. நோவாவின் நான்காவது வகையில் குழந்தைப் பால்மாவும் இருக்கிறது. நான் செவிலியாக இருக்கிறேன். தாய்ப்பால் சுரக்காத பெண்ணிடம், நீ குழந்தைக்குக் கொடுப்பது புனையுணவு என்று நான் சொல்ல மாட்டேன். கலைச்சொல் விவரிக்க வேண்டும், திட்டக் கூடாது.

கெடுதல் என்ன என்பதைச் சோதனை சொல்லட்டும். 2019-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்து, இரண்டு வாரம் இந்த உணவும் இரண்டு வாரம் சாதாரண உணவும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் இரண்டிலும் ஒத்த அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். ஆலை உணவில் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, எடையும் கூடியது. வேகமாகவும் சாப்பிட்டார்கள். இதைக் கையேட்டில் இரண்டு வரியாகப் போட்டால் போதும், பெயரில் ஏசல் வேண்டாம்.

கி.

———

கி. அவர்களுக்கு,

ஏற்கிறேன். ‘ஆலை’யை முன்னால் ஒட்டிவிட்டால் பொய் என்ற வாடை போய்விடும் அல்லவா? ‘ஆலைப்புனை உணவு’. ஆலையில் புனைந்தது, அவ்வளவுதான்.

மாணவர்களுக்குச் சரம் வேண்டும் என்ற இரா. ஐயாவின் கவலை எனக்கும் புரிகிறது. பாடநூல் எழுதும்போது அவர் வழக்கே இருக்கட்டும்.

ந.

———

அனைவருக்கும் நன்றி.

‘ஆலைப்புனை உணவு’ என்றே வைத்துவிட்டேன். பக்கத்தின் அடியில் ‘மீப்பதன உணவு என்றும் சொல்வர்’ என்று ஒரு வரி. இரா. ஐயா கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன். குழந்தைப் பால்மாவைத் தனிப் பெட்டியில் போட்டு, மருத்துவர் சொன்னதன்பேரில் கொடுப்பதை நிறுத்த வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். ரொட்டி இரண்டு இடத்தில் வருகிறது: மாவு, ஈஸ்ட், உப்பு, தண்ணீர் மட்டும் உள்ளது மூன்றாம் வகையில், பின்பக்கப் பட்டியல் நீண்டது நான்காம் வகையில்.

நேற்று மாலை அதே சுகாதார நிலையத்துக்கு ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துச் சென்று, பின்பக்கத்தைத் தமிழில் வாசித்தேன். பொட்டலத்தில் ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் சட்டத்துக்குப் போதும், தமிழ் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் அங்கிருந்த யாரும் அதுவரை அதைப் படித்ததில்லை. மைதா, சர்க்கரை, பாமாயில் வரை எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு ஐ.என்.எஸ். 471 என்ற சேர்பொருள் எண் வந்தது. ‘பால்மமாக்கி’ என்றேன். பிஸ்கட்டும் பாலும் சாப்பிடுகிறவர், பால் சேர்த்திருக்கிறார்கள், சத்துதான் என்று மகிழ்ந்துபோனார்.

அந்தச் சொல்லுக்குத் தனி இழை தொடங்குகிறேன். வியாழனுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

சு.