பழைய டெஸ்க்டாப்புக்கு பார்ட்ஸ் தேடிய அனுபவங்கள்: மூன்று பேர் சொல்வது

காரைக்குடியில் அப்பாவின் டிடிபி கடையில் இன்னும் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓடுகிறது. ஜி41 மதர்போர்டு, கோர் 2 டுயோ பிராசஸர், விண்டோஸ் எக்ஸ்பி. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று அவர் செய்த வேலையெல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பழைய தமிழ் எழுத்துருக்களில் கிடக்கிறது. புது மெஷினில் திறந்தால் எழுத்தெல்லாம் சிதறிவிடுகிறது. அதனால் புதிது வாங்கும் பேச்சே இல்லை, இதைத்தான் காப்பாற்ற வேண்டும்.

போன ஐப்பசியில் அது தானாக ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது. ராம்தான் (மெமரி) போயிருக்கும் என்று நானே முடிவு செய்து, ஆன்லைனில் 4 ஜிபி டிடிஆர்3 வகை ராம் ஒன்று வாங்கினேன். ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்தது. ஆனால் திரை இருட்டு, பீப் சத்தம் மட்டும் விடாமல் வந்தது.

சென்னைக்குப் போனபோது, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் காட்டினேன். கடைக்காரர் ராமைத் திருப்பித் திருப்பிப் பார்த்து சிப்புகளை எண்ணினார். “தம்பி, இதுல ஒரு பக்கம் மட்டும்தான் எட்டு சிப் இருக்கு. ஜி41-க்கு 4 ஜிபி வேணும்னா ரெண்டு பக்கமும் சேர்த்து பதினாறு இருக்கணும்” என்றார். எட்டே சிப்பில் 4 ஜிபி என்றால் ஒவ்வொன்றும் 512 எம்பி. அவ்வளவு பெரிய சிப்பை அந்தப் போர்டால் படிக்க முடியாது, 256 எம்பி வரைதான். டிடிஆர்3 என்று ஒரே பெயர், ஒரே காடி, ஆனாலும் வேலை செய்யாது. இது எனக்கு அதுவரை தெரியாது. 32 பிட் எக்ஸ்பி எப்படியும் மூன்றேகால் ஜிபிக்குப் பக்கத்தில்தான் பயன்படுத்தும் என்று சொல்லி, பழைய 2 ஜிபி ராம் இரண்டை அவர் கடைப் போர்டிலேயே போட்டுக் காட்டிக் கொடுத்தார்.

ஊருக்கு வந்து மாட்டினேன். ரீஸ்டார்ட் நிற்கவில்லை! அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் பெட்டி) வரும் மஞ்சள் வயரில் 12 வோல்ட் வர வேண்டும், 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. பெரிய கோப்பு ஒன்றைத் திறந்தால் 11.1-க்கு வந்தது. எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இரண்டு கெப்பாசிட்டர் உப்பிப் போயிருந்தன. முதலிலேயே அளந்திருந்தால் ராமுக்குச் செலவே இல்லை. புது எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது போர்டுக்கான 24 பின், பிராசஸருக்கான 4 பின் கனெக்டர் இரண்டையும் பார்த்தேன். அப்பாவின் டிவிடி டிரைவ் அகலமான கேபிள் போடும் பழைய ஐடிஇ வகை என்பதால் பெரிய நான்கு பின் கனெக்டரும் இருக்கிறதா என்று கேட்டு வாங்கினேன்.

*

என்னுடைய கம்ப்யூட்டர் கோவையில், எச்61 போர்டு. ஐ3-2120 பிராசஸரை எடுத்துவிட்டு செகண்ட் ஹேண்டில் ஐ5-3470 வாங்கிப் போட்டேன். இரண்டும் உட்காரும் சாக்கெட் ஒன்றுதான், 1155. டிஸ்ப்ளே வரவில்லை. விற்றவரிடம் கோபமாகப் பேசிவிட்டேன், பாவம், தப்பு அவருடையது இல்லை. போர்டின் பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பழையது. அது வந்த காலத்தில் இந்தப் பிராசஸரே வெளிவரவில்லை. மறுபடி ஐ3-ஐப் போட்டு, பயாஸ் அப்டேட் செய்து, பிறகு ஐ5-ஐ வைத்ததும் உடனே எடுத்துக்கொண்டது. அதனால் புதுசு ஓடும்வரை பழைய பிராசஸரை விற்றுவிடாதீர்கள். அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடும், யுபிஎஸ் கட்டாயம். கூடவே ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி ஒன்று போட்டேன். எச்61-இல் டிஸ்க் இணைப்புக்குப் பழைய சாட்டா 2 வேகம்தான், ஆனாலும் ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் வேறு மெஷின் மாதிரி இருக்கிறது.

*

எஸ்எம்பிஎஸ் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். ஆபீஸ்களிலிருந்து கழித்து விற்கும் பிராண்டட் மெஷின் ஒன்று வாங்கியிருந்தேன். எஸ்எம்பிஎஸ் போனதும் சாதாரணமானது ஒன்று வாங்கி வந்தேன். வீட்டில் மூடியைத் திறந்தால் போர்டில் 24 பின் இடமே இல்லை, 8 பின்தான்! நடுவில் போடும் கன்வெர்ட்டர் கேபிள் கிடைக்க ஒரு வாரம் ஆனது. அன்றிலிருந்து கடைக்குப் போகும் முன் போர்டு, கனெக்டர், எஸ்எம்பிஎஸ் லேபிள் மூன்றையும் போனில் படம் பிடித்துக்கொள்கிறேன். ஸ்லிம் கேபினட் வைத்திருப்பவர்கள் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் நீள அகலத்தையும் ஸ்கேலால் அளந்துகொண்டு போங்கள்.