ரிலாக்சன்ட் (தசை தளர்த்தும் மருந்து) இல்லாமல் மூச்சுக்குழாயில் ட்யூப் போடும்போது கார்டு (குரல் நாண்) திறக்கவில்லை, எங்கே தவறினேன்?

கேள்வி (அனஸ்தீசியா இரண்டாம் ஆண்டு பிஜி)

தைராய்டு கேஸ், குரல் நரம்பை மானிட்டர் செய்யப்போவதால் ரிலாக்சன்ட் வேண்டாம் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். நோயாளி 60 கிலோ, ஏர்வே பார்க்க சுலபமாகத்தான் இருந்தது. ரெமிஃபென்டனில் (ரெமி, வேகமான ஓபியாய்டு வலி மருந்து) 120 மைக்ரோகிராமை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, பின்னாலேயே மயக்கத்துக்கு புரொபோஃபால் 120 மில்லிகிராம் கொடுத்தேன். மாஸ்கில் காற்றே சரியாகப் போகவில்லை. பயந்துபோய் உடனே லாரிங்கோஸ்கோப்பை வைத்தால் தாடை இறுக்கம், கார்டு பாதி மூடியிருக்கிறது, ட்யூப் பட்டதும் இருமல் வேறு. இன்னும் கொஞ்சம் புரொபோஃபால் கொடுத்துத்தான் போட முடிந்தது. இந்த முறையே இப்படித்தானா, இல்லை நான் செய்ததில் கோளாறா?

பதில் 1

மூன்று தவறு. டோஸ் குறைவு, தள்ளிய வேகம் அதிகம், காத்திருக்கவே இல்லை. ரிலாக்சன்ட் இல்லாமல் போடுவதென்றால், திடமான ஆளுக்கு புரொபோஃபால் கிலோவுக்கு 2 முதல் 2.5 மில்லிகிராமோடு ரெமி கிலோவுக்கு 3 முதல் 4 மைக்ரோகிராம் வேண்டும், அதாவது உங்கள் நோயாளிக்கு ரெமி 180 முதல் 240 மைக்ரோகிராம். நான் புரொபோஃபாலை முதலில் கொடுத்து, ரெமியை 30 முதல் 60 நொடிக்குள் மெதுவாக ஏற்றி, அதன்பிறகு ஒரு நிமிஷத்துக்கு மேல் மாஸ்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பேன் (அந்த ஒரு நிமிஷம் ரொம்ப நீளம், கடிகாரத்தைப் பார்த்தே ஆகவேண்டும்). ரெமிக்குப் பதில் அல்ஃபென்டனில் இருந்தால் கிலோவுக்கு 30 முதல் 40 மைக்ரோகிராம், அதுவும் ஏறக்குறைய ஒன்றரை நிமிஷத்தில் உச்சத்துக்கு வந்துவிடும். ஃபென்டனிலை வைத்து இதே வேலையைச் செய்ய நினைக்காதீர்கள், அது உச்சத்துக்கு வரவே 3 முதல் 5 நிமிஷம் ஆகும், அதற்குள் புரொபோஃபால் இறங்க ஆரம்பித்துவிடும்.

அப்புறம், இந்த டோஸில் பல்ஸும் பிரஷரும் விழும். அவற்றை ஏற்ற கிளைகோபைரோலேட்டும் எஃபெட்ரினும் சிரிஞ்சில் தயாராக இருக்கட்டும். வயதானவர், இதயம் பலவீனமானவர், ரத்தம் இழந்தவர் என்றால் நான் இந்த வழிக்கே போகமாட்டேன்.

பதில் 2

மாஸ்கில் காற்று போகாததற்குக் காரணம் நெஞ்சு இறுகியது மட்டும் இல்லை. ஓபியாய்டை வேகமாகத் தள்ளினால் கார்டே மூடிக்கொள்ளும், பெரும்பாலும் அதுதான் தடை. அப்போது பலத்தால் காற்றை அழுத்தினால் வயிறுதான் உப்பும். கொஞ்சம் ரிலாக்சன்ட் கொடுத்தால் விட்டுவிடும், அதனால் "ரிலாக்சன்ட் இல்லாத" கேஸிலும் சக்சினைல்கோலினோ ரோகுரோனியமோ உறிஞ்சி வைக்காமல் நான் ஆரம்பிப்பதில்லை. ரெமி தானே சீக்கிரம் உடைந்துவிடும் என்று காத்திருக்கலாம்தான், ஆனால் ஆக்சிஜன் சாச்சுரேஷன் நமக்காகக் காத்திருக்காது.

பதில் 3

டோஸ் கணக்கெல்லாம் சரி, ஆனால் தைராய்டுக்கு எதற்கு இந்த வம்பு? 2017-ல் வந்த காக்ரேன் தொகுப்பை (பல ஆய்வுகளைத் திரட்டி அலசியது) பாருங்கள், ரிலாக்சன்ட்டைத் தவிர்த்தால் இன்டியூபேஷன் (ட்யூப் போடுவது) கடினமாவதும் தொண்டையில் காயம், குரல் கம்மல் போன்றவையும் கூடுகின்றன என்றுதான் முடிகிறது. நாளைக்கு இந்த நோயாளிக்குக் குரல் கம்மினால் அது நரம்பா, நீங்கள் மூடின கார்டில் இடித்ததா என்று யார் சொல்வது? ரோகுரோனியம் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் கொடுத்துப் போடுங்கள், நரம்பைத் தேடும் நேரத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும், இறங்காவிட்டால் அதை முறிக்க சுகமாடெக்ஸ் இருக்கிறது. ரிலாக்சன்ட் இல்லாத முறையை மயஸ்தீனியா (தசை பலவீன நோய்) மாதிரி உண்மையிலேயே தவிர்க்க வேண்டிய கேஸ்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்த எமர்ஜென்சியில் கண்டிப்பாக வேண்டாம்.

பதில் 1

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் சுகமாடெக்ஸ் எல்லா இடத்திலும் கையில் கிடைப்பதில்லை. அதனால் இந்த முறையையும் கற்று வைத்திருப்பது நல்லது, இப்படிக் கேட்டுத் திருத்திக்கொண்டு.

கேட்டவர்

நன்றி. ரெமியைத் தள்ளிய வேகம்தான் என்று இப்போது புரிகிறது. 0.3 பற்றி சர்ஜனிடம் கேட்டேன், நரம்பைத் தேடுவதற்கு முன் நான்கு ட்விட்சும் (நரம்பைத் தூண்டிப் பார்க்கும் தசைத் துடிப்பு) திரும்பியதைக் காட்டினால் சரி என்றார்.