புதுப்பிப்பு: காரைக்குடி–தேவகோட்டை ஓட்டத்துக்கு டீசல் வேண்டாம்

தேவகோட்டைக்கு தினமும் வேலைக்குப் போய்வர புது டீசல் கார் எடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிவு பெட்ரோல்தான்.

டீசல் லிட்டர் 92 ரூபாய், மைலேஜ் 20. பெட்ரோல் 101, மைலேஜ் 15 என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு மிச்சம் 2 ரூபாய் சொச்சம். டீசலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒன்றரை லட்சத்தை எடுக்க 70,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடணும். போகவர 36 கிமீ, மாசம் 25 நாள் என்றால் கிட்டத்தட்ட ஆறரை வருஷம்! இதே காரைக்குடியிலிருந்து தினமும் புதுக்கோட்டைக்குப் போகிறவருக்கு மூணு வருஷம்தான். அவர் தாராளமாக டீசல் எடுக்கலாம்.

பணத்தைவிடப் பெரிய தலைவலி டிபிஎஃப், அதாவது பிஎஸ்6 (புகை மாசு விதிமுறை) டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி. சேர்ந்த கரி எரிய 600 டிகிரி அளவு சூடு வேண்டும். கால் மணி நேரமாவது நிற்காமல் ஓடணும். தேவகோட்டை ரோட்டில் சரி. மற்ற நேரமெல்லாம் செக்காலை ரோடு, கழனிவாசல் என்று ஊருக்குள்ளேயே சுற்றினால் எரிப்பு பாதியில் நிற்கும். அப்படியே தொடர்ந்தால் எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) மட்டம் ஏறிக்கொண்டே போனால் அதுதான் அறிகுறி. டாப்-அப் செய்யாமல் ஆயிலை மாற்றுங்கள், சாம்பல் குறைந்த ரகமாகப் பார்த்து.