பாட்டில் மழைமானி: அளவு ஏன் தப்பாக வருகிறது?

கேள்வி: 5 வயதுப் பிள்ளைகளுக்கு மழையளவைக் காட்ட, 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் தலைப்பாகத்தை வெட்டி, அதையே புனல்போலக் கவிழ்த்து வைத்திருக்கிறது. ஸ்கேலை அடியிலிருந்து ஒட்டினால் சின்ன மழைக்கு அளவு சரியாக வருவதில்லை. எங்கே பிழை?

பதில் 1: அடிப்பாகம் மேடும் குழியுமாக இருப்பதுதான் சிக்கல். கொஞ்சம் கூழாங்கல் போட்டு, பக்கச்சுவர் நேராகத் தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்த மட்டம்தான் பூஜ்யம். கற்கள் அதற்கு மேலே எட்டிப் பார்க்கக் கூடாது. கல் இருந்தால் காற்றிலும் சாயாது. தலையை வெட்டுவதும் நேரான பாகத்தில்தான். கழுத்துப் பக்கம் குறுகும் இடத்தில் வெட்டினால் வாய் சின்னதாகி, மி.மீ. குறைவாகவே காட்டும்.

பதில் 2: மரத்தடி, கூரை ஓரம் வேண்டாம். வெயிலில் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கும். தினமும் ஒரே நேரத்தில் அளந்துவிட்டுப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பதில் 3: இந்த வயதில் எண் எதற்கு? நீர்மட்ட உயரத்துக்குக் காகிதப் பட்டை வெட்டி, நாள்வாரியாகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். மழையில்லாத நாளுக்கு வெற்றிடம். அதை விட்டுவிடாதீர்கள், அதுவும் பதிவுதான்.