27 தடவையா? யார் எண்ணியது?

தண்டையார்பேட்டை கெஜா | இரவு 9.12

போன வாரம் கொருக்குப்பேட்டை வாத்தியார் ஐயா இங்கே ஒரு பதிவு போட்டிருந்தார். மசக்கை ஒரு நோயே இல்லையாம். சுக்கும் கருப்பட்டியும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் குடித்தால் மூன்றே நாளில் வாந்தி நின்றுவிடுமாம். இந்தக் காலத்துப் பெண்கள் டிரிப்ஸ் ஏற்றிக்கொள்வதைப் பெருமையாக நினைக்கிறார்களாம். அதற்கு 140 பேர் விருப்பக்குறி வேறு. பெயர்களைப் பார்த்தேன், முக்கால்வாசி ஆம்பளைகள்.

படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. 2019 ஜூன் மாதம், எனக்கு எட்டாவது வாரம். ஒண்டுக் குடித்தனம், ஆறு வீட்டுக்கு ஒரே கக்கூஸ். புழல் ஏரி காய்ந்து கிடக்கிறது, தெருமுனையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை. அந்த நேரத்தில் ஒரே நாளில் 27 தடவை வாந்தி எடுத்தேன். சோற்று உலை கொதிக்கிற வாடை வந்தால் வாந்தி. வீட்டுக்காரர் தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய்க்கு வாந்தி. கடைசியில் வெறும் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. பித்தம் பித்தமாக வந்து, அப்புறம் ஒன்றுமே வராமல் குடல் மட்டும் சுருட்டிக்கொண்டு வந்தது. 52 கிலோ இருந்தவள் 46½ ஆனேன்.

ஐயா சொன்ன கஷாயமும் குடித்தேன். போன வேகத்தைவிட அதிக வேகத்தில் மூக்கு வழியாக வந்தது. சுக்கு மூக்கு வழியாக வந்தால் எப்படி இருக்கும் என்று ஐயா ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு மறுபடி எழுதட்டும்.

பெரம்பூர் ரயிலடி | 9.20

தப்பாக நினைக்க வேண்டாம் மேடம், ஒரு சின்ன சந்தேகம். ஒரு நாளைக்கு 1440 நிமிடம். 27ஆல் வகுத்தால் 53 நிமிடத்துக்கு ஒரு தடவை வருகிறது. தூங்கவே இல்லையா?

தண்டையார்பேட்டை கெஜா | 9.21

ஆமாம். தூங்கவில்லை.

பெரம்பூர் ரயிலடி | 9.23

சரி. யார் எண்ணியது?

மின்ட் மணி | 9.24

வீடு வீடாக மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர் அப்படியே இதையும் குறித்துக்கொண்டு போயிருப்பார்.

கொருக்குப்பேட்டை வாத்தியார் | 9.41

அம்மா கெஜா, நான் யாரையும் பெயர் சொல்லி எழுதவில்லை. ஆனால் 27 என்பது மிகை. என் தாயார் ஒன்பது பிள்ளை பெற்றவர். ஒரு நாளும் வாந்தி என்று படுத்ததில்லை. விறகு அடுப்பில் பதினைந்து பேருக்குச் சமைத்தார். அது இருக்கட்டும், கஷாயத்துக்குச் சுக்கின் மேல்தோலைச் சீவினீர்களா? சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. தோலோடு தட்டிப் போட்டிருப்பீர்கள், அதனால்தான் எதிர்த்துக்கொண்டு வந்திருக்கிறது.

தண்டையார்பேட்டை கெஜா | 9.55

தோலைச் சீவித்தான் போட்டேன். என் ஆயாவே பக்கத்தில் உட்கார்ந்து போட்டது.

ஐயா நீங்கள் வீட்டில் எத்தனையாவது பிள்ளை? போன பொங்கல் பதிவில் கடைக்குட்டி என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். உங்கள் அம்மா வாயும் வயிறுமாக இருந்தபோது எட்டு தடவை நீங்கள் பிறக்கவே இல்லை, ஒன்பதாவது தடவை உள்ளே இருந்தீர்கள். எங்கே இருந்து பார்த்தீர்கள், அவர் வாந்தி எடுக்கவில்லை என்று?

மின்ட் மணி | 9.56

உள்ளே இருந்து பார்த்தால்தானே சரியாகத் தெரியும்.

நைட் டியூட்டி | 10.08

நான் பிரசவ வார்டில் வேலை பார்க்கிறவள். இங்கே இரண்டு வேறு விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். பத்தில் ஏழெட்டு பேருக்கு வருகிற மசக்கை வேறு. அதற்கு இஞ்சி, சுக்கு, எலுமிச்சம்பழத்தை மோந்து பார்ப்பது, காலையில் எழுந்திருப்பதற்கு முன்னால் படுக்கையிலேயே ஒரு பொறை கடிப்பது எல்லாம் ஓரளவு கேட்கும். கெஜா அக்கா சொல்வது ஹைப்பரெமெசிஸ் கிராவிடாரம், அதாவது கர்ப்பகாலத்தில் அளவு மீறி வருகிற வாந்தி. நூற்றில் மூன்று பேருக்கு மேல் வராது. கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைவது, உடம்பில் நீர் வற்றுவது, சாப்பாடு இல்லாமல் உடம்பு தன் கொழுப்பையே எரிப்பதால் மூத்திரத்தில் கீட்டோன் என்ற கழிவு வருவது, இதெல்லாம்தான் அதற்கு அடையாளம். அக்காவுக்கு 5 சதவீதம் என்றால் 2.6 கிலோ. குறைந்ததோ ஐந்தரை. எத்தனை தடவை வாந்தி என்பது அங்கே முக்கியமே இல்லை.

பெரம்பூர் ரயிலடி | 10.11

முக்கியம் இல்லை என்றால் ஏன் 27 என்று எழுத வேண்டும்? நிறைய தடவை என்று எழுதியிருக்கலாமே. நான் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் 31 வருடம் போல்ட்டும் நட்டும் எண்ணியவன். ஒரு எண்ணைச் சொன்னால் அதற்குக் கணக்கு இருக்க வேண்டும்.

காசிமேடு சின்னப்பொண்ணு | 10.15

நான் எட்டாம் மாதம் வரைக்கும் விடியற்காலை ஏலத்துக்குப் போய்க் கூடை தூக்கியவள். கவுச்சி வாடையிலேயே மூன்று பிள்ளை. எங்களுக்கெல்லாம் மசக்கை வர நேரம் கிடைக்கவில்லை தங்கச்சி.

தண்டையார்பேட்டை கெஜா | 10.29

சின்னப்பொண்ணு அக்கா, உங்களுக்கு வரவில்லை, நல்லது, நன்றாக இருங்கள். என் காலில் முள் குத்தியிருக்கிறது என்றால், என் காலில் குத்தவில்லையே என்பது ஒரு பதிலா? போன மாதம் வஞ்சிரம் விலை விஷயத்தில் நான் உங்கள் பக்கம் பேசவில்லை என்ற கோபத்தை இங்கே வந்து கொட்டாதீர்கள்.

ரயிலடி சார், கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணியது என் நாத்தனார், அப்போது ஒன்பதாவது படித்தாள். முதலில் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குத்தான் போனோம். எல்லாருக்கும் வருவதுதான், பயப்படாதே என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். மறுபடி போனபோது அங்கே இருந்த நர்சம்மா ஒருத்தர்தான் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, நாள் முழுக்க எழுதி வையுங்கள், வாந்தி ஒரு பக்கம், மூத்திரம் ஒரு பக்கம் என்றார். அந்தப் பெண் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் நடுவில் கோடு போட்டு, நான் வாளியை இழுக்கும் போதெல்லாம் பென்சிலால் ஒரு கோடு கிழித்தாள். ராத்திரி அவள் தூங்கிப்போனபோது என் வீட்டுக்காரர் கிழித்தார். 18.6.2019, செவ்வாய்க்கிழமை. தாள் இன்னும் பிரசவ ஃபைலுக்குள் இருக்கிறது.

பெரம்பூர் ரயிலடி | 10.31

அப்படியானால் படம் போடுங்கள். மற்றொன்று, தண்ணீர்ப் பஞ்சம் என்கிறீர்கள். 27 தடவை வாய் கொப்பளிக்கத் தண்ணீர் ஏது?

தண்டையார்பேட்டை கெஜா | 10.33

ஒவ்வொரு தடவையும் ஒரு மடக்கு. அதுவும் பக்கத்து வீட்டு ஆயா அவர் குடத்திலிருந்து கொடுத்தது. எச்சில் ஊறி ஊறி விழுங்க முடியாமல் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் துப்பிக்கொண்டு கிடந்தேன். அதைக் கழுவவும் அவர் தண்ணீர்தான். உங்கள் பெரம்பூரில் லாரி வாரம் மூன்று தடவை வந்திருக்கும், எங்கள் கஷ்டம் எப்படித் தெரியும்?

பெரம்பூர் ரயிலடி | 10.35

யார் சொன்னது மூன்று தடவை? நாங்களும் ராத்திரி இரண்டு மணிக்குக் குடத்தோடு நின்றவர்கள்தான்.

மின்ட் மணி | 10.36

பெரம்பூர் எல்லாம் வட சென்னையா என்ன?

பெரம்பூர் ரயிலடி | 10.37

தம்பி, அந்தப் பேச்சு வேண்டாம். மின்ட்டில் கடை வைத்திருக்கிறவன் எல்லாம் வட சென்னைக்குப் பட்டா போட்டுக் கொடுக்க வேண்டாம்.

இதற்குப் பிறகு பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர் என்று பதினோரு பேர் வந்து எல்லைக்கல் நட்டார்கள்.

திருவொற்றியூர் தேரடி | 11.02

நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். என் மனைவிக்கு இப்போது ஏழாவது வாரம். மூன்று நாளாக எதுவும் தங்கவில்லை. சத்து மாத்திரை போட்டாலும் வெளியே வந்துவிடுகிறது. எப்போது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்? எங்கள் அம்மா கொஞ்சம் பொறு என்கிறார்.

கொருக்குப்பேட்டை வாத்தியார் | 11.05

தம்பி, அம்மா சொல்வதைக் கேளுங்கள். மாத்திரை பக்கம் போகாதீர்கள். தாலிடோமைடு என்று ஒரு மாத்திரை, மசக்கைக்கு என்று கொடுத்து, ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் வளராமல் பிறந்தன. 1961இல்தான் நிறுத்தினார்கள். சுக்கு அப்படிச் செய்யுமா?

நைட் டியூட்டி | 11.14

தாலிடோமைடு உண்மை. அதைச் சொல்லி எல்லா மாத்திரைக்கும் பயமுறுத்துவது சரியில்லை ஐயா. டாக்ஸிலமினும் பைரிடாக்சினும், அதாவது பி6 வைட்டமினும், சேர்ந்த மாத்திரைதான் மசக்கை வாந்திக்கு முதலில் எழுதிக் கொடுப்பது. அமெரிக்காவில் அதன் மேல் வழக்கு மேல் வழக்குப் போட்டு, 1983இல் கம்பெனியே விற்பதை நிறுத்தியது. அப்புறம் எத்தனையோ ஆராய்ச்சி செய்தும் குழந்தைக்குக் கெடுதல் என்று நிரூபிக்க முடியாமல், 2013இல் அதே மருந்துச் சேர்க்கைக்கு மறுபடி அனுமதி கொடுத்தார்கள்.

தேரடி தம்பி, எட்டு மணி நேரமாக மூத்திரம் போகவில்லை, போனாலும் டீ டிக்காஷன் நிறத்தில் இருக்கிறது, 24 மணி நேரமாகத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, வாந்தியில் ரத்தம் தெரிகிறது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரியே கிளம்புங்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி பிரசவத்துக்கென்றே இருக்கிறது. நாள்கணக்காக வாந்தி என்பதை அங்கே தெளிவாகச் சொல்லுங்கள். பல நாள் சாப்பிடாத உடம்பில் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் பி1 வைட்டமின், தையமின், போட வேண்டும். அது இல்லாமல் ஏற்றினால் மூளையைப் பாதிக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை குமட்டலைக் கூட்டும். கொஞ்ச நாள் நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பெரம்பூர் ரயிலடி | 11.16

எல்லாம் சரி. காலண்டர் தாள் எங்கே?

தண்டையார்பேட்டை கெஜா | 11.38

வீட்டுக்காரர் பரணில் ஏறித் தேடுகிறார், பொறுங்கள்.

அதுவரைக்கும் ஒன்று சொல்கிறேன். மார்லீனா ஃபெய்சோ என்று அமெரிக்காவில் ஒரு மரபணு விஞ்ஞானி. 1999இல் அவருக்கே இந்த வாந்தி வந்தது. நகரக்கூட முடியாமல் கிடந்தவரை, கவனத்தை ஈர்க்கத்தான் இப்படிச் செய்கிறாய் என்றாராம் அவருடைய டாக்டர். அந்தக் குழந்தை தங்கவில்லை. அந்த அம்மா விடவில்லை. வருடக்கணக்காகத் தேடி, 2023 டிசம்பரில் கேம்பிரிட்ஜ்காரர்களோடு சேர்ந்து நேச்சர் இதழில் எழுதினார்கள். ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோன், குழந்தைப் பக்கமிருந்து தாயின் ரத்தத்துக்கு வருகிறது. ஏற்கெனவே உடம்பில் அது குறைவாக இருந்த பெண்ணுக்கு அந்தத் திடீர் வரத்து தாங்குவதில்லை. மனசு, நடிப்பு, கொழுப்பு எல்லாம் காரணம் இல்லை. என் வீட்டுக்காரரின் சித்தி என்னைச் சொன்ன வார்த்தை, வேலைக்கு வளையாத நடிப்பு. அது இன்றைக்கும் எனக்குள் அப்படியே இருக்கிறது. இங்கிலாந்து இளவரசி கேட்டை இதே வாந்திக்கு 2012 டிசம்பரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், உலகமே பாவம் என்றது. இளவரசிக்கு வந்தால் நோய், தண்டையார்பேட்டைக்காரிக்கு வந்தால் நடிப்பா?

பெரம்பூர் ரயிலடி | 11.40

அந்த அமெரிக்க அம்மா ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று சொல்லியிருக்கிறாரா?

மின்ட் மணி | 11.41

கெஜா அக்கா, 27 தடவை என்றால் கண்டிப்பாகப் பெண் குழந்தைதானே?

தண்டையார்பேட்டை கெஜா | 11.42

பையன். உன்னைவிட அறிவாகப் பேசுகிறான்.

காசிமேடு சின்னப்பொண்ணு | 11.44

வஞ்சிரம் விலை பற்றி நான் இங்கே பேசவே இல்லை. நீதான் எடுத்தாய். ஐந்து கிலோ வாங்கிக்கொண்டு பாதிப் பணம் தந்தது யார் என்றும் சொல்லட்டுமா?

தண்டையார்பேட்டை கெஜா | 11.46

மீன் பழசு. அதனால் பாதிப் பணம்.

திருவொற்றியூர் தேரடி | 11.50

அக்கா, நீங்கள் அந்த நாட்களை எப்படித்தான் சமாளித்தீர்கள்? சாப்பாடு எதுவாவது தங்கியதா?

தண்டையார்பேட்டை கெஜா | 11.58

சூடாக எதுவும் தங்கவில்லை தம்பி. சூடு இருந்தால் வாடை வரும், ஆறினது வாடை அடிக்காது. ஆர்.எஸ்.ஆர்.எம்.மில் நாலு நாள் டிரிப்ஸில் கிடந்து வந்தபிறகு, எலுமிச்சைத் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்டு ஐஸ் தட்டில் ஊற்றி வைப்பார் வீட்டுக்காரர். அதை ஒவ்வொரு கட்டியாக வாயில் அடக்கிக்கொள்வேன். குடித்தால் வருகிற தண்ணீர், ஐஸாகக் கரைந்தால் வராது. முதல் நாள் அவசரத்துக்குக் காசிமேட்டிலிருந்து ஒரு பையில் ஐஸ் கொண்டுவந்தார், அது மீனுக்குப் போடுகிற ஐஸ், அந்தக் கதையை விடுங்கள். பிறகு ஆறிய தயிர் சோறு, ஒரு வேளைக்கு நாலே ஸ்பூன், நாரத்தங்காயை நக்கிக்கொண்டே. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்க மாட்டேன், அரை மணி தள்ளித்தான். வீட்டில் தாளிப்பதையே நிறுத்திவிட்டார்கள். பதினெட்டாவது வாரம் ஒரு நாள் காலையில் பசித்தது. பசி என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. நீங்கள் மனைவியைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். இங்கே உட்கார்ந்து எங்கள் சண்டையைப் படிக்காதீர்கள்.

கொருக்குப்பேட்டை வாத்தியார் | 12.03

எலுமிச்சை, நாரத்தங்காய் எல்லாம் நம் பாட்டி வைத்தியம்தானே? நான் சொன்னதைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள். சுக்கை மட்டும் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

தண்டையார்பேட்டை கெஜா | 12.04

நாலு நாள் டிரிப்ஸை விட்டுவிட்டு நாரத்தங்காயை மட்டும் படிக்கிறீர்களே ஐயா, உங்களிடம் படித்த பிள்ளைகள் பாவம்.

தாள் கிடைத்துவிட்டது. படம் போட்டிருக்கிறேன். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று ஐந்து ஐந்தாகக் கட்டு கட்டியிருக்கிறாள். ஐந்து கட்டு, அதற்கு மேல் இரண்டு. ரயிலடி சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கட்டும்.

நைட் டியூட்டி | 12.09

பார்த்தேன் அக்கா. எல்லோரும் வாந்திப் பக்கத்தையே எண்ணுவார்கள். மூத்திரப் பக்கம் இரண்டே கோடுதான் இருக்கிறது. நாள் முழுக்க இரண்டு. அதைப் பார்த்ததும்தான் எனக்குத் திக்கென்றது.

பெரம்பூர் ரயிலடி | 12.15

பெரிதாக்கிப் பார்த்தேன். நாலாவது கட்டில் குறுக்குக் கோடு இல்லை. ஆக மொத்தம் 26.

தண்டையார்பேட்டை கெஜா | 12.16

இருக்கிறது. பென்சில் மங்கிவிட்டது. தாளைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும்.

பெரம்பூர் ரயிலடி | 12.17

படத்தை எப்படி மேடம் சாய்த்துப் பார்ப்பது?

மின்ட் மணி | 12.18

தலையைச் சாய்க்கணும் சார்.

பெரம்பூர் ரயிலடி | 12.24

சாய்த்தும் பார்த்துவிட்டேன். 26.