பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ: மொத்தம் எத்தனை மணி நேரம்?

செவ்வாய்ப்பேட்டை_மகன்: அவசரம். அம்மா தனியாக அக்கா வீட்டுக்குப் போகிறார். தூரம் 14,000 கிலோமீட்டர், 15½ மணி நேரம் என்று ஒரு தளத்தில் போட்டிருக்கிறது. டிக்கெட்டில் காலை 4க்குக் கிளம்பி அதே நாள் பிற்பகல் 3.30க்கு இறங்குவதாக இருக்கிறது, அப்படியானால் 11½தான். எது சரி? இன்சுலின் போடுகிறவர், அதனால்தான் கேட்கிறேன்.

ஏற்காடு_மிளகு: எந்த மாதம் தம்பி? நேராகப் போகிறதா, நடுவில் மாறணுமா?

ஓமலூர்_வானம்: பூமி கிழக்கே சுற்றுகிறது, மேற்கே பறந்தால் ஊர் நம்மை நோக்கி வரும். 11½ சரிதான்.

கணக்கு_வாத்தியார்: இங்கே பலமுறை எழுதியாச்சு, தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் வழக்கமே போய்விட்டது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் மணி. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பார்கள், அப்போது நம்மைவிட 12½ மணி நேரம் பின்னால், மற்ற நாளில் 13½. மாதம் சொல்லாமல் என்ன கணக்குப் போடுவது?

செவ்வாய்ப்பேட்டை_மகன்: மே மாதம் சார்.

கணக்கு_வாத்தியார்: 11½ + 12½ = 24 மணி நேரம். 14,000 என்பது பூமி உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் வரும் மிகக் குறுகிய தூரம், அந்த நூல் சைபீரியா, அலாஸ்கா மேலே போகும். அதை விமான வேகமான மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்துத்தான் அந்தத் தளம் 15½ என்கிறது. 24 என்றால் நடுவில் எங்கோ இறங்கி மாறுகிறார், டிக்கெட்டை முழுசாகப் படியுங்கள். வானம் அவர்களே, காற்றும் பூமியோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. நேரத்தை மாற்றுவது உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் வேகக்காற்று. லண்டனிலிருந்து நியூயார்க் போக, திரும்பி வருவதைவிட ஒரு மணி நேரமாவது கூடுதலாக ஆகும்.

ஏற்காடு_மிளகு: இன்சுலினைக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்க, கீழே போகும் பெட்டியில் உறைந்து போகலாம். டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும். டாக்டர் வேறு மாதிரி சொல்லாவிட்டால் அம்மா கைக்கடிகாரம் வழி முழுக்க நம்ம ஊர் மணியிலேயே ஓடட்டும்.

ஓமலூர்_வானம்: சேலத்திலிருந்து பெங்களூருக்கு விமானத்திலேயே போகலாமே?

அஸ்தம்பட்டி_டிரைவர்: தனி டிக்கெட் எடுத்து, அது தாமதமானால் அடுத்த விமானத்துக்கு யார் பொறுப்பு? காரில் முந்தின நாள் சாயங்காலமே கிளம்புங்க. விமான நிலையம் தேவனஹள்ளியில், ஊருக்கு அந்தப் பக்கம். தொப்பூரில் ஒரு லாரி கவிழ்ந்தால் போச்சு.

ஏற்காடு_மிளகு: அத்திப்பள்ளியில் திரும்பி ஓசகோட்டை வழியாகப் போனால் ஊருக்குள் நுழையவே வேண்டாம்.

அஸ்தம்பட்டி_டிரைவர்: ராத்திரியில் அந்த ரோட்டில் லாரி வரிசை கட்டி நிற்கும், மேம்பாலத்து வழியே மேல்.

செவ்வாய்ப்பேட்டை_மகன்: இரண்டாம் பக்கத்தில் பிராங்க்பர்ட் என்று இருக்கிறது. 24 மணி நேரம் என்று டாக்டரிடம் சொல்லிக் கேட்கிறேன். நன்றி.

கணக்கு_வாத்தியார்: அந்த வழியில் தூரமும் 14,000 இல்லை, சுமார் 16,500. பிராங்க்பர்ட்டில் சக்கர நாற்காலி வேண்டுமென்று இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.

ஏற்காடு_மிளகு: எந்த மேம்பாலம்ங்க? பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டணுமே.